பதினாலாம் நம்பரில் டவர் இல்லை

டீக்கடையில் அவர் டீ சொல்லும் அழகை முதலில் சொல்லிவிடுகிறேன். "ஒரு டீ, சீனி கம்மி, ஆத்தாம" என்பார். கடைக்காரர் தலையை ஆட்டினால் அவருக்குப் போதாது. "என்ன சொன்னேன்?" என்று நிற்பார். கடைக்காரர் பாய்லரைப் பார்த்துக்கொண்டே, ஒரு டீ, சீனி கம்மி, ஆத்தாம என்று ஒப்பிக்க வேண்டும். "சரி, கேட்டுருச்சு" என்ற பிறகுதான் பெஞ்சில் உட்காருவார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வருஷக்கணக்காக அதே டீ, அதே கடை, அதே கேள்வி. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் பார்த்தால், இரண்டு பேருக்கும் ஏதோ பழைய பகை என்றுதான் நினைப்பார்கள்.

அவர் எங்கள் பக்கத்து லைன்மேன். சாணார்பட்டிக்குக் கிழக்கே ஏழெட்டு ஊர்களுக்குக் கரண்ட் அவர் பொறுப்பு. அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு லைன்மேன், சின்னவர்களுக்கு லைன்மேன் மாமா, எனக்கு அண்ணே. ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. காக்கிச் சட்டை, அதன் பையில் டெஸ்டர், பைக்கின் பக்கப்பெட்டியில் கம்பத்துக்கு நம்பர் எழுதும் சிவப்புப் பெயிண்ட் டப்பா.

திருப்பிச் சொல்லச் சொல்லும் இந்தக் குணத்தால் அவர் மகள் கல்யாணமே நின்றிருக்கும். பூ வைக்க எத்தனை பேர் வருவீர்கள் என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆள் அவர், மரியாதையாகப் பேசுகிறவர். ஒரு நாப்பத்தஞ்சு பேர் வருவோமுங்க என்றிருக்கிறார். நம்ம ஆள் சும்மா இருக்கலாம் அல்லவா? "எத்தனை பேர்னு சொன்னீங்க, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். சம்பந்திக்கு முகம் சிவந்துபோயிற்றாம். நம் வார்த்தையில் சந்தேகப்படுகிற வீட்டில் பெண் எடுக்க வேண்டுமா என்று எழுந்தே விட்டார்களாம். அக்காதான், அதாவது லைன்மேன் மனைவிதான், குறுக்கே வந்து, அண்ணா, இந்த மனுசன் எங்கிட்ட உப்பு வாங்கிட்டு வரச் சொன்னாலும் இப்படித்தான் கேட்பார் என்று கெஞ்சி உட்கார வைத்தாராம். பூ வைக்க வந்தவர்கள் சரியாக நாற்பத்தைந்து பேர். ஒரு இலை மீறவில்லை, ஒரு இலை பத்தாமல் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சம்பந்தியும் எல்லோரையும் திருப்பிச் சொல்லச் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி.

ஊரில் இதைக் கிறுக்கு என்றுதான் சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் வேலையைக் கொஞ்சம் பார்த்தால் விஷயம் புரியும். டிரான்ஸ்பார்மரில் ஏறுவதற்கு முன்னால் சப் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். அங்கே இருக்கிறவர் அதைத் திருப்பிச் சொல்லி, நிறுத்தியாச்சு என்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து இறங்கியதும் மறுபடி போன் போட்டு, "ஆளு, ஜாமான் எல்லாம் கீழ வந்துருச்சு, லைன் குடுக்கலாம்" என்று சொல்ல வேண்டும். அதையும் அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு போனுக்கு நடுவில் இருக்கிற நேரம்தான் அவர் உயிர். அதில் ஒரு வார்த்தை தப்பாகப் போனால் ஆள் காலி.

அதனால்தான் போனில் டவர் எப்படி இருக்கிறது என்பது மற்றவர்களுக்கு ஒரு தொந்தரவாக இருந்தபோது, அவருக்கு அது வேறு மாதிரி இருந்தது.

நான் எங்கள் ஊரில் போன் கடை வைத்திருந்தேன். நூல்மில் மூடியதும், நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆரம்பித்த கடை. எனக்குக் கோபம் சட்டென்று வரும். கடை வைத்திருக்கிறவனுக்கு ஆகாத குணம் அது. அவர் முதல்முதலாக என் கடைக்கு வந்தபோது, கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு பழைய ஸ்மார்ட்போன் வைத்திருந்தார். பின்மூடி நிற்காததால் ரப்பர் பேண்ட். நான் புதிதாக வந்திருந்த ஒரு போனை எடுத்துக் காட்டினேன். கேமரா, கண்ணாடி என்று நான் பேசிக்கொண்டே போக, அவர் கேட்டது ஒன்றே ஒன்று: இதில் டவர் எப்படி? நான் மேலே இருந்த நான்கு கட்டையைக் காட்டினேன். சிக்னல் அளவைக் காட்டுகிற சின்னச் சின்னக் கோடுகளை எங்கள் பக்கம் கட்டை என்போம். நாலு கட்டை நிக்குதுண்ணே, வேற என்ன வேணும் என்றேன்.

அவர் தன் சிம்மைக் கழற்றி அந்தப் போனில் போடச் சொன்னார். போட்டேன். செத்த நேரத்தில் வாரேன் என்று போனையும் எடுத்துக்கொண்டு பைக்கில் போய்விட்டார். அரை மணி நேரம் வரவில்லை. பெட்டி பிரிக்காத விலைக்கு விற்க வேண்டிய போன்! எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வந்தவர், கடையில் நான்கு பேர் நிற்கும்போது சொன்னார்: "அப்பு, கொளத்துக்குப் பின்னால ஒம்போனு ரெண்டு கட்டை காட்டுது, பேச்சு வெட்டி வெட்டி வருது. எம்போனு ஒத்தக் கட்டைதான் காட்டுது, பேச்சு முழுசா வருது. கட்டையப் பாத்து ஏமாந்துறாத." நின்ற நான்கு பேரில் இரண்டு பேர் போன் வாங்க வந்தவர்கள். வாங்காமல் போனார்கள். அன்று அவரை நான் மனசுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

ஆனால் அவர் சொன்னது சரி. எனக்கே அது பிறகுதான் உறைத்தது. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கட்டை போடுவது என்பது அந்தந்தக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். ஒரு போனின் இரண்டு கட்டையும் இன்னொரு போனின் இரண்டு கட்டையும் ஒன்று இல்லை. அதோடு, புதுப் போன் 4ஜியைப் பிடித்தால் லேசில் விடாது, அது நூலாக இழுத்துக்கொண்டு இருந்தாலும் அதிலேயே தொங்கும். அவருடைய பழைய போனுக்குப் பேச்சு என்றால் 4ஜிக்கு முந்தின பழைய சர்வீஸ்தான் தெரியும். அது தூரத்து டவரிலிருந்தும் எங்கள் பொட்டல் வழியாக நன்றாக வந்துகொண்டிருந்தது.

போனுக்குள் செட்டிங்ஸில் சிக்னல் அளவு எண்ணாகவே இருக்கும் என்று நான்தான் அவருக்குக் காட்டினேன். மைனஸ் தொண்ணூறு என்றால் நல்லது, மைனஸ் நூற்றுப்பத்து என்றால் மோசம். அதைக் கண்டதும் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் எங்கள் வட்டாரத்துக் கம்பங்களில் எல்லாம் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. கம்ப நம்பருக்குக் கீழே, பழைய சர்வீஸுக்கும் 4ஜிக்கும் அளவு 'பழசு 95, புதுசு 108', 'தெக்கப் பாத்து நில்', 'இங்கே பேசாதே'. ஊர்க்காரர்கள் ஏதோ கரண்ட் சம்பந்தப்பட்ட எச்சரிக்கை என்று கொஞ்ச நாள் அந்தக் கம்பங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். விஷயம் தெரிந்ததும் கதை மாறியது. மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கும் பெண்கள் வெளியூரில் இருக்கிற பிள்ளைகளோடு பேச ஏழாம் கம்பத்துக்குப் போவார்கள். அங்கே தெற்கே பார்த்து வரிசையாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும்.

எனக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை. இந்த ஆளிடம் என் கடைப் போன் ஒருநாளாவது ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து மூன்று புதுப் போன்களை எடுத்துக்கொண்டு, வாங்கண்ணே பார்த்துவிடலாம் என்றேன். அவர் உற்சாகமாகக் கிளம்பிவிட்டார். அவர் போட்ட விதி: சிம் ஒன்றாக இருக்க வேண்டும், நிற்கிற இடம் ஒன்றாக இருக்க வேண்டும், அந்தப் பக்கம் கேட்கிற காதும் ஒன்றாக இருக்க வேண்டும். காதுக்கு அக்காவை வீட்டில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். நான்கு போன், பதினைந்து இடம். ஒவ்வொரு இடத்திலும் சிம்மை மாற்றி மாற்றிப் போட்டு, அக்காவைக் கூப்பிட்டு, "ஆளு, ஜாமான் எல்லாம் கீழ வந்துருச்சு, லைன் குடுக்கலாம்" என்பார். அக்கா திருப்பிச் சொல்ல வேண்டும். வெயில் ஏற ஏற அக்காவின் குரல் மாறிக்கொண்டே வந்தது. அறுபதாவது தடவையோ என்னவோ, ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது: "இன்னொருக்கா ஆளு, ஜாமான்னு போன் வந்துச்சு, ராத்திரிக்கு வீட்ல ஒங்களுக்குச் சோறு கெடையாது." இவர் அசரவே இல்லை. "என்ன சொன்ன, திருப்பிச் சொல்லு" என்றார். அந்த அக்கா அதையும் முழுசாகத் திருப்பிச் சொன்னார். நான் வரப்பில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கோபமெல்லாம் போய்விட்டது.

முடிவு என்ன தெரியுமா? பதினைந்து இடத்தில் பதின்மூன்றில் என் புதுப் போன் ஒன்று அவர் போனைத் தோற்கடித்தது. அவர் கொஞ்சமும் மழுப்பவில்லை. டீக்கடையில் வைத்து, "ஒம்போனுதான் அப்பு ஜெயிச்சது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்படியானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். தோற்ற இரண்டு இடமும் தன்னுடைய டிரான்ஸ்பார்மர் இருக்கிற இடம் என்றார். அதில் ஒன்று பதினாலாம் நம்பர், குளத்துக்குப் பின்னால் இருப்பது. பிறகு ரப்பர் பேண்டைச் சரி செய்துகொண்டே சொன்னார்: "இந்தப் போனு எங்கெங்க காலை வாரும்னு எனக்குத் தெரியும். ஒன்னோடது எங்க வாரும்னு தெரியாதுல்ல." சரிதான், கிழவர் போனோடு உடன்கட்டை ஏறட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

காலை வாரியது டவர். அடுத்த வருஷம் அந்தப் பழைய சர்வீஸை எங்கள் பக்கம் நிறுத்திவிட்டார்கள். அவருடைய பழைய போனில் படம் தெரியும், பாட்டுக் கேட்கும், பேச்சு மட்டும் போகாது. ஒரு நாள் முழுக்கப் பதினைந்து இடத்துக்கும் அதை எடுத்துக்கொண்டு அலைந்தார். மறுநாள் வந்து அந்தப் பதின்மூன்று இடத்தில் ஜெயித்த போனை வாங்கிக்கொண்டார். விலை பேசவில்லை. பழைய போனை ரப்பர் பேண்டோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மற்ற இடமெல்லாம் புதுப் போனில் நன்றாகவே பேச முடிந்தது. இன்னொரு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டு மாடி கிடைத்தது. பதினாலாம் நம்பரில்தான் ஒன்றும் நடக்கவில்லை. குளத்துக்கரை மறைக்கிற பள்ளம் அது. ஆனால் கரை மேல் மடைக்குப் பக்கத்தில் நின்றால் நான்கு கட்டை, எண்ணில் பார்த்தாலும் நல்ல அளவு. மடைக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் நடுவில், காலால் அளந்தால், இருநூறு எட்டு வைக்க வேண்டும். அங்கேயிருந்து நடந்து வந்து பேசலாம்தான். ஆனால் மேலே இருக்கும்போது சப் ஸ்டேஷனிலிருந்து ஏதாவது போன் வந்தால்? கரையில் ஒரு ஆள் நிற்க வேண்டும். ஊரில் யாரைக் கேட்பது என்று யோசித்து, என்னைக் கேட்டார். எனக்குப் போன் தெரியும், கடை குளத்துக்குப் பக்கம், அதோடு நான் விற்ற போன். மறுக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

ஏற்பாடு இதுதான். லைனை நிறுத்தச் சொல்லி அவரே கரையில் நின்று பேசுவார். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய் ஏறுவார். வேலை முடிந்து இறங்கியதும், டிரான்ஸ்பார்மரை விட்டுப் பத்து எட்டு தள்ளி வந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஆளு, ஜாமான் எல்லாம் கீழ வந்துருச்சு, லைன் குடுக்கலாம்" என்று கத்துவார். நான் அதை அப்படியே திருப்பிக் கத்த வேண்டும். "சரி, கேட்டுருச்சு" என்று அவர் கத்திய பிறகு, நான் போனில் சொல்ல வேண்டும். சப் ஸ்டேஷனில் பெரும்பாலும் ஒரு மேடம்தான் எடுப்பார். இவரோடு வேலை பார்த்துப் பார்த்து அவரும் அதே பள்ளிக்கூடம். ஒரு வார்த்தை மாற விடமாட்டார்.

ஐந்தாறு தடவை சரியாக நடந்தது. அடுத்தது சித்திரை மாசத்து மத்தியானம். டிரான்ஸ்பார்மரில் ஒரு வயர் கருகிப்போய் ஊருக்கே கரண்ட் இல்லை. கடையில் போன் ரிப்பேருக்கு வந்த ஒருத்தரை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் திருப்பூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவர் போனில் கண்ணாடி மாற்றி முடித்தாகிவிட்டது, சார்ஜ் ஏற்றிக் கொடுக்கக் கரண்ட் வேண்டும். அவர் கடைப் போனிலிருந்து என்னுடைய போனுக்கு மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். வெயிலோ மண்டையைப் பிளந்தது. ஏன்டா இந்த வேலைக்கு ஒப்புக்கொண்டோம் என்று நின்றேன்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து காக்கிச் சட்டை இறங்கியது. ஒல்லி ஆள். இறங்கி, கீழே இருந்த பையை நோக்கி நடந்தார். அவ்வளவுதான் பார்த்தேன். இனி பத்து எட்டு நடந்து, வாயைக் குவித்து, கத்தி, நான் கத்தி, அவர் கத்தி என்று எப்போது முடிவது? அதற்குள் போனைப் போட்டுவிடுவோம் என்று போட்டுவிட்டேன். முதல் ரிங்கிலேயே மேடம் எடுத்தார். பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரிக் குரல். நான் விற்ற போன் அப்பேர்ப்பட்ட போன். "மேடம், பதினாலாம் நம்பர் வேலை முடிஞ்சிருச்சு, லைன் குடுங்க" என்றேன்.

மேடம் லைன் கொடுக்கவில்லை. லைன்மேன் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்கள் என்றார்.

அண்ணன் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாயைத் திறந்தேன். "ஆளு" என்றேன். அந்த ஒரு சொல் வாயில் வந்ததும் என் கண் தானாக ஆளைத் தேடியது. கீழே ஒருத்தர் பைக்குள் கையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். மேலே, டிரான்ஸ்பார்மருக்குப் பின்பக்கம், இன்னொரு காக்கிச் சட்டை. அன்றைக்கு உதவிக்கு ஒரு ஹெல்பர் வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். அவரும் மேலே ஏறியிருந்தது தெரியாது. இறங்கியது ஹெல்பர். அண்ணன் மேலே இருந்தார். ஒரு கை கம்பியில் இருந்தது.

"மேடம், குடுக்காதீங்க" என்றேன். "குடுக்காதீங்க" என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு, குடுக்கலைங்க, என்ன ஆச்சு என்று கேட்டார். இன்னும் வேலை இருக்கிறது மேடம், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்றேன். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போனை வைத்ததும் மடைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். போன் தெளிவாகத்தான் இருந்தது, நான்கு கட்டையும் நின்றது, நான் சொன்ன பொய்யை ஒரு எழுத்து சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

பிறகு அவர் இறங்கினார், கத்தினார், நான் கத்தினேன், லைன் வந்தது. கரைக்கு வந்து போனை வாங்கிக்கொண்டவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வெயில் ஒத்துக்கலையா அப்பு, போய் மோர் குடி என்றார். நடந்ததைச் சொல்லாமல் கடைக்கு நடந்தேன். தப்பிக் கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போகிற மாதிரி எர்த் கம்பி மாட்டிவிட்டுத்தான் ஏறியிருந்தார், ஒன்றும் ஆகியிருக்காது என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். ஆகியிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எட்டு மாசத்தில் ஒன்பது தடவை கரையில் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏறுகிற ஆளை எண்ணுவேன், இறங்குகிற ஆளை எண்ணுவேன், மறுபடி எண்ணுவேன். அவர் வார்த்தை வரும் வரை போனைத் தொடவே மாட்டேன். என் கவனத்தைப் பார்த்து அவருக்கு என் மேல் நம்பிக்கை ஏறிக்கொண்டே போனது. கரையில் இவன் நின்றால் எனக்குப் பயமே இல்லை என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்வார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். என் வீட்டுக்காரிகூட, உங்களை நல்லவிதமாகச் சொன்னால் ஏன் முகம் செத்துப்போகிறது என்று கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. வெட்கம். வேறு ஒன்றும் இல்லை.

சொல்லாமலே காலம் போயிருக்கும். அவர்தான் விடவில்லை. ஒருநாள் டீக்கடையில், தொண்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கத்துனா தொண்டை கட்டிக்கிது அப்பு. இனிமே பதினாலாம் நம்பர்ல நான் கத்த வேணாம், நீயும் திருப்பிக் கத்த வேணாம். எறங்கி நின்னு கையக் காட்டுறேன், நீ லைனக் குடுக்கச் சொல்லிரு. மேடத்துக்கிட்டயும் சொல்லிர்றேன்."

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பெண் கொடுக்கிற இடத்தில்கூட விட்டுக்கொடுக்காத வழக்கத்தை இந்த மனிதர் எனக்காக விடப்போகிறார். என்னை நம்பி! அண்ணே, கொஞ்சம் கடைக்கு வாங்க என்று கூட்டிக்கொண்டு போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பூர் பஸ், வெயில், ஹெல்பர், மேடம் கேட்டது, 'ஆளு' என்று வாயைத் திறந்தது, எல்லாம். இனி என் மூஞ்சியில் முழிக்க மாட்டார், கை நீட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "திருப்பிச் சொல்லு" என்றார்.

முதல் தடவை சொன்னபோது வெயிலையும் பஸ்ஸையும் முன்னால் வைத்துச் சொன்னேன். இரண்டாம் தடவை அவையெல்லாம் வாயில் வரவில்லை. "ஒங்களைப் பாக்காம, ஒங்க வார்த்தை வராம, லைன் குடுக்கச் சொல்லிட்டேண்ணே. நீங்க மேல இருந்தீங்க" என்றேன். அவ்வளவுதான் இருந்தது விஷயம். சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன்.

"சரி, கேட்டுருச்சு" என்று எழுந்து, ஷட்டரைக் குனிந்து தாண்டிப் போனார்.

எட்டு நாள் கடைப் பக்கம் வரவில்லை. நடுவில் ஒருநாள் பதினாலாம் நம்பரில் பியூஸ் போயிற்று. கடை வாசலில் நின்று பார்த்தேன். கரையில் மடைக்குப் பக்கத்தில் அந்த ஹெல்பர் போனோடு நின்றுகொண்டிருந்தார். நியாயம்தான் என்று உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் பைக் வந்து நின்றது. தோளில் ரத்தச் சிவப்பாக ஒரு புதுத் துண்டு. காக்கிச் சட்டைக்கு மேல் அதைப் பார்க்கவே விநோதமாக இருந்தது. பதினாலுக்குப் போகணும், வா என்றார். பின்னால் ஏறிக்கொண்டேன். கரைக்குப் போனதும் லைனை நிறுத்தச் சொல்லிப் பேசிவிட்டு, போனை என்னிடம் நீட்டினார். துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டினார்.

"கையக் காட்டுற கதையெல்லாம் வேணாம். இந்தத் துண்டு கீழ வரணும், எம் வாயால வார்த்தையும் வரணும். ரெண்டும் வந்தாத்தான் போனு. என்ன சொன்னேன்?"

திருப்பிச் சொன்னேன். சரி, கேட்டுருச்சு என்றார். அவர் இறங்கத் தொடங்கியபோது என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஹெல்பர்தான் இருக்கிறாரே அண்ணே, இன்னும் என்னை எதற்குக் கூப்பிடுகிறீர்கள் என்றேன்.

அவர் திரும்பினார். சட்டைப் பையில் அந்தப் பழைய போன், ரப்பர் பேண்டோடு, துருத்திக்கொண்டிருந்தது.

"நீ எங்க காலை வாருவேன்னு எனக்குத் தெரிஞ்சுருச்சு" என்றார். "அவன் எங்க வாருவான்னு இன்னும் தெரியாதுல்ல."

சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனார். சிவப்புத் துண்டு வரப்பில் நடந்து, டிரான்ஸ்பார்மரில் ஏறி, பின்பக்கம் போய் மறைந்தது. நான் போனைப் பார்க்கவே இல்லை. அந்தத் துண்டு மறுபடி தெரியும் வரை, அது கீழே வந்து, பத்து எட்டுத் தள்ளி நின்று, வாயில் இரண்டு கையையும் குவிக்கும் வரை, கண்ணை எடுக்காமல் நின்றேன்.